பங்குனி மழையும் லயத்துக் கோழியும்

மாசி பாதி கழிந்ததும் இலங்கையின் ஊவா மலையில் எல்லவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் முள்முருக்கு இலை உதிர்த்துச் செக்கச் செவேலென்று பூத்துவிடும். தேயிலைக்கு நிழலுக்காக நட்ட மரம் அது. மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்று கொட்டிய மழை ஓய்ந்திருக்கும். விடியலில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் நேரத்தில் குளிர் இன்னும் விரலைக் கடித்தாலும், பத்து மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிடும். காமன் கூத்து நடப்பதும் இந்த நாட்களில்தான். அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றி, இரவிரவாகத் தப்பு முழங்க, மன்மதனும் ரதியும் ஆடி, மன்மதன் தகனத்தோடு முடியும் கூத்து. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து இந்த மலைக்கு வந்தவர்கள் அதைக் கூடவே கொண்டுவந்தார்கள்.

இரவில் தப்பு ஒலிக்கும் அதே வாரத்தில், பகலில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் பெண்கள், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு முன்னால் பாத்தி கொத்தத் தொடங்குகிறார்கள். அடைக்கு வைக்கும் முட்டைகளும் இப்போதுதான் எண்ணப்படுகின்றன. ஊவாவின் வசந்தம் இப்படித்தான் வருகிறது.

எல்லவுக்கு வரும் பயணிகள் தெமோதரைப் பக்கம் 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்கிறார்கள். சின்னச் சிவனொளிபாத மலைக்குத் தேயிலை வழியாக ஏறுகிறார்கள். நடக்கும் பாதையோரத்தில் தகரமும் கிழிந்த உரச்சாக்கும் மூங்கிலும் சேர்த்துக் கட்டிய வேலிகளைப் பார்த்தும் பார்க்காமலும் கடந்து போகிறார்கள். அந்த வேலிக்குள்தான் இந்தக் கட்டுரையின் விஷயம் இருக்கிறது. நாலு பாத்தி மரக்கறி, ஒரு சவ்சவ் பந்தல், ஏழெட்டுக் கோழி. தோட்டத்துப் பெண் தன் இஷ்டப்படி ஆளும் இடம் இந்த மலையில் அது ஒன்றுதான்.

முதலில் கோழி. குளிர்நாடுகளில் பகல் சுருங்கினால் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும். பகல் நீளும்போது மறுபடி தொடங்கும். வசந்தத்தையும் முட்டையையும் அங்கே சேர்த்துப் பேசுவதற்கு அதுவே காரணம். எல்ல நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூட இங்கே கிடையாது. எனவே நம் ஊர்க்கோழிக்கு வெளிச்சம் பெரிய கணக்கல்ல. மழையும் குளிரும் தீனியும்தான் கணக்கு. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே, கார்த்திகை, மார்கழி ஈரத்தில் பொரித்த குஞ்சு விறைத்துச் செத்துப்போகும். அந்த மாதங்களில் கோழி அடைக்கு உட்கார்ந்தாலும் தோட்டத்துப் பெண்கள் அதை எழுப்பி விரட்டிவிட்டு, முட்டையைக் கடைக்கோ குழந்தையின் தட்டுக்கோ அனுப்பிவிடுவார்கள். மாசியில் வைத்தால் 21 நாள் கழித்துப் பங்குனியில் குஞ்சு வெளிவரும். அப்போது வெயிலும் உண்டு, முதல் மழைக்குக் கிளம்பும் புழு பூச்சியும் உண்டு. எந்தப் புத்தகமும் சொல்லித் தராமல் தலைமுறை தலைமுறையாக வந்த கணக்கு இது.

அடை வைப்பதில் இன்னொரு வழக்கமும் இருக்கிறது. முட்டைகளோடு ஓர் இரும்பு ஆணியையும் அடுப்புக்கரித் துண்டையும் போட்டு வைப்பார்கள், இடிக்கு முட்டை கூமுட்டையாகிவிடக் கூடாதென்று. பங்குனி, சித்திரை இந்த மலையில் இடி மாதங்கள். காலையில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். மதியத்துக்கு மேல் எல்ல இடைவெளி வழியாக மேகம் ஏறி வந்து, நமுனுகுல மலை மறைந்து, நாலு மணிக்கு வானம் உடையும். ஆணி இடியைத் தடுக்கிறதா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஒழுகும் தகரத்தின் கீழ் நனைந்த அடைப்பெட்டியும், வெருண்டு எழுந்துபோன கோழி திரும்ப வருமுன் ஆறிப்போன முட்டையும் கருவைக் கொல்லும் என்பது மட்டும் உறுதி. ஆணி வைப்பவர்கள் பெட்டியை நனையாத மூலைக்கு நகர்த்தவும் மறப்பதில்லை. அந்தக் கவனத்துக்கு நான் தலை வணங்குகிறேன்.

குஞ்சு வெளிவந்த பிறகு பருந்து, கீரி, மரநாய் என்று எதிரிகள் வரிசையாக வருகின்றன. எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி ராணிக்கெட் நோய். ஒரு லயத்தில் நுழைந்தால் இரண்டு வாரத்தில் கூடுகள் காலியாகிவிடும். தடுப்பு மருந்து உண்டு. கண்ணில் ஒரு சொட்டு விட்டால் போதும். ஆனால் குப்பி ஒன்றைத் திறந்தால் ஏராளமான கோழிகளுக்கு வரும். திறந்த மருந்தை நாள் கணக்கில் வைத்திருக்க முடியாது. எட்டுக் கோழி வைத்திருக்கும் பெண் தனியாக அதை வாங்குவது வீண் செலவு. லயத்தில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் கோழிகளை அடைத்துவைத்து, ஒரே குப்பியைப் பகிர்ந்து போட்டால் காரியம் முடிந்துவிடும். திருவிழாவுக்கு வரி எடுக்கவும் சீட்டுப் பிடிக்கவும் தெரிந்த மக்களுக்கு இது சிரமமான ஏற்பாடு அல்ல. பங்குனிக் குஞ்சுகளுக்கு இதை முதல் வேலையாகச் செய்ய வேண்டும்.

சேவல் குஞ்சுகளின் விதி வேறு. சில மாரியம்மன் திருவிழாவரை வளரும், சில முனியாண்டிக்கு நேர்ந்து விடப்படும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுபவர்களுக்குக் காவலாகக் கவ்வாத்துசாமி, தொழிற்சாலைச் சக்கரத்துக்கு ரோதைமுனி என்று வேலைத்தளத்திலேயே சாமி கண்ட மக்கள் இவர்கள். பொட்டைக் குஞ்சுகள் அடுத்த ஆண்டின் முட்டைக் காசு. சம்பளம் கடைக் கடனுக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் போய்விடும். முட்டைக் காசு அம்மாவின் முந்தானை முடிச்சில்தான் இருக்கும்.

அந்த முட்டை விற்கப்படாமல் வீட்டில் மிஞ்சினால் இன்னும் நல்லது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். பெருந்தோட்டத் துறையில் மட்டும் அது 32 சதவீதம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. ரொட்டியும் சம்பலும் சாயத்தேநீருமாக விடியும் லயத்துக் காம்பராவில் அந்த 6 கிராம் அற்பமல்ல.

மரக்கறிப் பாத்திக்கு வருவோம். பங்குனி முதல் மழைக்குப் போஞ்சி விதை மண்ணுக்குள் இருக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் முளைக்கும், இரண்டு மாதத்தில் பறிக்கலாம். அதற்கு மேல் தாமதித்தால் ஆனியில் கச்சான் காற்று பிடித்துவிடும். தென்மேல் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மழையை எல்லாம் இறக்கிவிட்டு, ஊவாவுக்கு வரும்போது வறண்ட காற்றாக வருகிறது. ஆடி, ஆவணியில் ஊவாத் தேயிலைக்கு உலகம் விலை கொடுக்கும் அந்த மணத்தைத் தருவது அந்தக் காற்றுதான். அதே காற்றில் வீட்டுப் பாத்தியின் கீரை கருகிவிடும். தேயிலைக்கு வாய்க்கும் பருவம் வேறு, அடுப்புக்கு வாய்க்கும் பருவம் வேறு. இரண்டும் ஒரே சரிவில் ஒரே பெண்ணின் கையில் நடக்கின்றன.

சவ்சவ்வுக்கு விதை வாங்க வேண்டியதே இல்லை. முற்றிய காயை மூலையில் போட்டு வைத்தால் அது தானே முளை விடும். அப்படியே முழுக்காயாக மண்ணில் பாதி புதைத்துப் பந்தல் போட்டால், காயும் கொழுந்தும் மாதக்கணக்கில் கிடைக்கும். கோவா, நோக்கோல், லீக்ஸ் நாற்றுகளைப் பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்திலிருந்து வாங்கி வருகிறார்கள். வேலியோரத்தில் மரவள்ளி, வடிகால் கான் ஓரத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும், குசினிக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் வத்தாளை. ஒரு சொட்டுத் தண்ணீரும் வீணாவதில்லை.

தேயிலை மண் புளிப்பு மண். தேயிலைக்கு அது பிடிக்கும், போஞ்சிக்குப் பிடிக்காது. அடுப்புச் சாம்பலைப் பாத்தியில் தூவினால் புளிப்புக் குறையும். பல வீடுகளில் இதை அறிந்தே செய்கிறார்கள். கூட்டிலிருந்து அள்ளும் கோழி எச்சம் நல்ல உரம், ஆனால் பச்சையாகப் போட்டால் வேரைச் சுட்டுவிடும். இலைச்சருகோடு குவித்து இரண்டு மூன்று மாதம் மக்க விட வேண்டும். ஒன்று மட்டும் கவனிக்கலாம். சாம்பலையும் கோழி எச்சத்தையும் ஒரே குவியலில் கொட்டினால் தழைச்சத்து வாயுவாகப் பறந்துவிடும். மூக்கைத் துளைக்கும் அந்த நெடி உரம் காற்றோடு போவதன் அடையாளம். எச்சம் குழிக்கும் சாம்பல் நேரே பாத்திக்குமாகப் பிரித்து வைப்பது நல்லது.

இவ்வளவு பாடுபட்டு வளர்த்ததைக் குரங்கு ஒரே காலையில் முடித்துவிடுகிறது. இரவில் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் கிழங்கைக் கிளறுகின்றன. 2025 மார்ச் 15 காலை 8 மணியிலிருந்து ஐந்து நிமிடம், நாடு முழுவதும் மக்கள் தங்கள் காணியில் நிற்கும் குரங்கு, மயில், மர அணில் ஆகியவற்றை எண்ணித் தருமாறு அரசு கேட்டது. ஐந்து நிமிடக் கணக்கு எவ்வளவு துல்லியம் என்று பலர் கேட்டார்கள். பயிரிழந்தவர்களிடம் அரசு அந்த விலங்குகளைப் பற்றிக் கேட்டதே எனக்கு முக்கியமாகப் பட்டது. ஆனால் மரக்கறித் தோட்டத்தின் சொந்தக்காரர் யார் என்ற கேள்விக்கு லயத்தில் பதில் சொல்வது சிக்கல். நிலம் அரசுடையது, 1992 முதல் நிர்வாகம் கம்பனியிடம், கொத்தி விதைப்பவர் தொழிலாளி. குரங்கு தின்றால் நஷ்டம் அவருடையது. தோட்டத்துரை பாத்தியை எடுக்கச் சொன்னால் காட்ட அவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது.

இந்தப் பாத்திகள் எத்தனை உயிரைக் காத்தன என்பதை மலையகம் மறக்கவில்லை. 1974இல் அரிசியும் மாவும் அரிதாகி, தோட்டங்களில் மரண வீதம் கூடியது. கீரையும் கிழங்கும் தேடி அலைந்த கதைகளை இன்றும் அப்பாயி, அம்மாயிமார் சொல்லக் கேட்கலாம். 2021இல் இரசாயன உரத்துக்கு ஒரே இரவில் தடை வந்தது. அடுத்த ஆண்டு நாடே பொருளாதார நெருக்கடியில் விழுந்தது. கோழித்தீவனம் இல்லாமல் பெரிய பண்ணைகள் ஆட்டம் கண்டன. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டையைக் கப்பலில் இறக்குமதி செய்யும் நிலைக்கு இலங்கை வந்தது. தீவனத்தை நம்பாமல், சோற்றுப் பருக்கையும் தேயிலைச் செடியடிப் புழுவும் தின்று வளர்ந்த லயத்து ஊர்க்கோழி அந்த மாதங்களிலும் முட்டையிட்டது.

மண்ணைப் பற்றிய பயமும் இங்கே உண்டு. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அதே ஆண்டின் இறுதியில் உமா ஓயா நீர்த்திட்டச் சுரங்கத்துக்குள் நீர் கசிந்ததில் பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றின, பாத்திக்கு ஊற்றத் தண்ணீர் இல்லாத கிராமங்களை அப்போது ஊவா பார்த்தது. 2025 நவம்பர் கடைசி வாரத்தில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டம் எங்கும் மலை சரிந்தது. சரிவில் குறுக்கே கான் வெட்டாமல், மேலிருந்து கீழாகக் கொத்திப் போட்ட மரக்கறிப் பாத்தி மழையை வரவேற்று மண்ணை அனுப்பிவைக்கும். கல்லணை கட்டி, பாத்தியைச் சமவுயரக் கோட்டில் போட்டு, ஓரத்தில் மானாப்புல் நட்டால் அந்தச் சின்ன நிலம் சரிவைப் பிடித்து நிறுத்த உதவும். தேயிலையில் கான் வெட்டத் தெரிந்த கைகள்தானே இவை.

மீரியபெத்தைக்குப் பிறகு லயத்தை விட்டுத் தனி வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் காணி என்ற பேச்சு வேகம் பிடித்தது. இப்போது அது 10 பேர்ச்சஸாக வளர்ந்திருக்கிறது. ஒரு பேர்ச் 272 சதுர அடி. 7 பேர்ச்சஸ் ஏறத்தாழ 1,900 சதுர அடி. இந்திய உதவியில் கட்டும் வீடு 550 சதுர அடி. காகிதத்தில் பார்த்தால் மீதி 1,350 இருக்கிறது. மலைச்சரிவில் வெட்டிச் சமன் செய்து, மண் தாங்கும் சுவருக்கும் கழிப்பறைக் குழிக்கும் படிக்கட்டுக்கும் கொடுத்த பிறகு எவ்வளவு மிஞ்சும் என்பதை எந்த வரைபடமும் காட்டுவதில்லை. 10 பேர்ச்சஸ் என்றால் 2,700 சதுர அடிக்கு மேல். அந்த 800 சதுர அடி வித்தியாசம்தான் ஒரு குடும்பத்தின் போஞ்சியும் கீரையும் கோழியும். பத்துக் கோழி இரவில் அடைய ஐந்தடிக்கு ஆறடிக் கூடு தாராளம். அதற்கு இடமில்லாத வீட்டுத் திட்டம், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவிலிருந்து விடுதலை கொடுத்துவிட்டு, காம்பராவின் வாசலில் இருந்ததைப் பறித்துக்கொள்கிறது.

புயலுக்குப் பிறகு அபாயம் என்று அடையாளமிட்ட லயங்களிலிருந்து குடும்பங்களை இடம் மாற்றும் வரைபடங்கள் தயாராகும்போது அதில் வீட்டோடு ஒரு பாத்தி, ஒரு கூடு, மழைநீர்த் தொட்டி மூன்றையும் வரைந்து காட்டச் சொல்ல வேண்டும், தொழிற்சங்கமும் பிரதேச சபையும். சாவியைக் கையில் கொடுக்கும் மாதத்தையும் கேட்க வேண்டும். மாசிக்குள் குடியேறினால் அந்தக் குடும்பம் வைகாசியில் சொந்தப் போஞ்சி பறிக்கும். ஆனியில் குடியேறினால் கச்சான் முடிந்து ஐப்பசி மழை வரும்வரை அந்த மண்ணில் ஒரு கீரைகூடப் பிடிக்காது, மரக்கறிக்குச் சம்பளத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.