பழைய பெட்டி மீண்டும் பாடியது

1959இல் மறைந்த எம்.கே. தியாகராஜ பாகவதரின் இசைத்தட்டொன்று, எமது பாட்டனாரின் நினைவாக, இடப்பெயர்வுகளைக் கடந்து எம்முடன் சிட்னிக்கு வந்தது. அதனைக் கேட்பதற்காகப் பழைய வால்வு இசைத்தட்டுக் கருவியொன்றைத் தேடிப்பெற்றோம்.

வால்வு என்பது காற்றகற்றிய கண்ணாடிக் குமிழ். உள்ளே சூடேறும் கதோட்டு இலத்திரன்களை வெளியிட, அவை அனோட்டை நோக்கிப் பாயும். இடையிலுள்ள கம்பிவலை அப்பாய்ச்சலை ஆளுவதால், ஊசி தரும் மெல்லிய சைகை பெருகி ஒலிக்கின்றது. சிட்னியின் ஆஷ்பீல்டிலும் 1930களில் வால்வுகள் செய்யப்பட்டன.

மாணவர்களே! பழைய கருவியை உடனே மின்னிற் செருகலாகாது. மின்னைச் சேமிக்கும் கடதாசிக் கொள்ளளவிகள் காலப்போக்கிற் பழுதடைந்து மின்னைக் கசியவிடும். முதலில் அவற்றை மாற்றுதல் வேண்டும். மின்னை நிறுத்திய பின்னும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ற்று எஞ்சியிருக்கலாம். ஆதலால் தொழிலறிந்தவரே பெட்டியைத் திறத்தல் வேண்டும். அடுத்து, இறுகிய இறப்பர்ச் சில்லை மாற்றினோம். நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டுக்கு, பிற்கால நெடுந்தட்டின் ஊசியிலும் ஏறத்தாழ மும்மடங்கு பருத்த ஊசி தேவை, அதனையும் பொருத்தினோம்.

வால்வுகள் சூடேறின, பாகவதர் பாடினார். எமது மகனோ, “அப்பா, அவர் என்ன சொல்லுகிறார்?” என வினவினான்.

கருவியைத் திருத்தியது பாதி வேலையே. மறுபாதிக்காகவே வார இறுதிதோறும் இப்பள்ளியிற் கூடுகின்றோம்.