விளம்பரக் காசு போகும் வழி

சுன்னாகத்திலிருந்து 1930 முதல் 1958 வரை வெளிவந்த ‘ஈழகேசரி’யின் பழைய இதழ்களை இன்று நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் யாரும் புரட்டிப் பார்க்கலாம். தலையங்கங்களைவிட விளம்பரங்களிலேயே என் கண் அதிகம் தங்கும். அந்தக் காலத்துக் கடைக்காரருக்கு ‘பெரியகடை, யாழ்ப்பாணம்’ என்று போட்டால் அதுவே போதிய முகவரி. தொலைபேசி வைத்திருந்தவர்கள் சிலர்தான். அந்த எண்ணும் சில இலக்கங்களோடு முடிந்துவிடும். இன்று அதே தெருவில் ஒரு கைத்தொலைபேசிக் கடையின் பெயர்ப்பலகையில் பத்து இலக்கத்தில் இரண்டு எண்கள், வட்ஸ்அப் எண் தனியாக, முகநூல் பெயர், மின்னஞ்சல் எல்லாம் இருக்கின்றன. அத்தனையும் இருந்தும், வாங்க வருபவர் பலகையைப் பார்ப்பதற்கு முன்பே கூகுளில் தேடிப் பார்த்துவிட்டு வருகிறார்.

அன்று வியாபாரி ‘பெயர் எடுத்தார்’. கஸ்தூரியார் வீதியில் தாய் தாலி செய்வித்த கடையிலேயே மகளுக்கும் செய்விப்பார்கள். புதிதாக ஒருவரை அனுப்பும்போது, “நான் அனுப்பினனான் எண்டு சொல்லு” என்று சொல்லி விடுவார்கள். அந்த ஒரு சொல்லில் இரண்டு பக்கத்துக்கும் பிணை இருந்தது. சாமான் பழுதென்றால் கடைக்காரர் வாங்கியவருக்கு மட்டுமல்ல, அனுப்பியவருக்கும் பதில் சொல்ல வேண்டும். வாங்கியவர் கடன் கட்டாமல் விட்டால் அனுப்பியவரின் தலை குனியும். தென்னிலங்கைப் பட்டினங்களில் யாழ்ப்பாணத்தவர் நடத்திய சுருட்டுக் கடைகளும் இப்படித்தான் பெருகின. ஒருவர் போய்க் கடை திறப்பார். பிறகு மருமகன் உதவிக்குப் போவான். சில ஆண்டுகளில் அவன் அடுத்த பட்டினத்தில் தனிக்கடை போடுவான். ஊரும் உறவும்தான் அவர்களின் வலையமைப்பு. அதற்கு வெளியே நின்றவனுக்கு, குறிப்பாகச் சாதியால் தள்ளி வைக்கப்பட்டவனுக்கு, அந்தக் கதவு திறக்கவில்லை என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது.

விளம்பரம் செய்ய நினைத்தவருக்கு வழிகள் சிலவே இருந்தன. 1959 இல் தொடங்கிய ‘ஈழநாடு’, இலங்கை வானொலியின் வர்த்தக சேவை, படமாளிகையில் இடைவேளைக்குக் காட்டும் சிலைட், ஒலிபெருக்கி பூட்டிய கார், கடையின் பெயர் அச்சிட்ட நாட்காட்டி, கல்லூரி மலரிலும் கோயில் மலரிலும் அரைப் பக்க வாழ்த்து. இதில் பெரிய கெட்டிக்காரர் மில்க்வைற் சவர்க்காரத் தொழிலதிபர் க. கனகராசா. சவர்க்காரத்தின் வெண்மையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்காமல், பனம் விதை நடச் சொன்னார். அறநெறிப் பிரசுரங்களை வீடு வீடாகச் சேர்த்தார். ‘மில்க்வைற் செய்தி’ என்று ஒரு சஞ்சிகையே நடத்தினார். வாசிக்கப் பயனுள்ளதைக் கொடு, பொருளின் பெயர் தானாக நிலைக்கும் என்று இன்றைய இணைய விற்பனை வகுப்புகள் கட்டணம் வாங்கிச் சொல்லிக்கொடுப்பதை அவர் சவர்க்காரத்தோடு சேர்த்துச் செய்துவிட்டார்.

பிறகு வந்த ஆண்டுகளை விரைவாகவே கடக்கலாம். 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ். பொது நூலகத்தோடு ஈழநாடு அலுவலகமும் எரிந்தது. 1990 இல் போரினால் புகையிரதமும் மின்சாரமும் நின்றன, பொருளாதாரத் தடை வந்தது. பத்திரிகைகள் கோடிட்ட கொப்பித் தாளில் அச்சாகின. அந்த நாட்களில் விற்பவர் வாங்குபவரைத் தேடவில்லை. மண்ணெண்ணெய் எங்கே இருக்கிறதென்று வாங்குபவர்தான் சைக்கிளில் தேடி அலைந்தார். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் கடைகளும் மனிதர்களோடு தென்மராட்சிக்கு நடந்தன. கலிபோர்னியாவில் கூகுள் நிறுவனம் பதிவான 1998 இல் குடாநாட்டுக்குத் தரைப்பாதையே இல்லை, சாமான் கப்பலில் வந்தது. ஏ-9 வீதி 2002 இல் திறந்து, 2006 இல் மூடி, போர் முடிந்த பின்னரே மீண்டும் நிலையாகத் திறந்தது. யாழ்தேவி புகையிரதம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது 2014 ஒக்ரோபரில்.

அதே 2014 இல்தான் கூகுள், சிறு கடைகள் தம்மை வரைபடத்தில் இலவசமாகப் பதிவு செய்யும் வசதியை ஒரே இடத்தில் கொண்டுவந்தது. 2018 இல் தமிழில் விளம்பரம் செய்யவும் வழி திறந்தது. தேடுபவருக்கு வரைபடத்தின் கீழ் முதலில் தெரிவது மூன்று கடைகள். அந்த மூன்றையும் தெரிவு செய்வதற்குக் கூகுள் சொல்லும் அளவுகோல்களும் மூன்று: தேடியதோடு பொருத்தம், தேடுபவரிடமிருந்து தூரம், கடைக்குள்ள பெயர். பெயர் என்பது இங்கேயும் வந்துவிடுகிறது. ஆனால் அது கணக்காகிவிட்டது. எத்தனை பேர் கருத்து எழுதினார்கள், எத்தனை நட்சத்திரம் போட்டார்கள், எத்தனை தளங்களில் கடையைப் பற்றிப் பேச்சிருக்கிறது என்று எண்ணுகிறார்கள். காசு கொடுத்து மேலே வருவது வேறு. அது ஒவ்வொரு தேடலின்போதும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்கும் ஏலம். கூடிய காசு கேட்டவர் மட்டும் வெல்வதில்லை, விளம்பரம் தேடலுக்குப் பொருந்துகிறதா என்பதும் சேர்த்துப் பார்க்கப்படும். பத்திரிகையில் விளம்பரம் அச்சானாலே காசு. இங்கே பெரும்பாலும் ஒருவர் தொட்டுத் திறந்தால்தான் காசு.

இதனால் ஆதாயம் யாருக்கு என்று கேட்டால், இணுவிலிலோ கோண்டாவிலிலோ வீட்டு அடுப்படியில் கேக் செய்யும் ஒரு பெண்ணைத்தான் நான் காட்டுவேன். அவருக்குப் பெரியகடையில் முகவரி இல்லை, வாடகை கொடுக்க முதல் இல்லை. ரொறன்ரோவில் கோடைகால இரவு பதினொரு மணிக்கு ஒரு மகன், ஊரிலுள்ள அம்மாவின் பிறந்தநாளை நினைத்துத் தேடுகிறான். இங்கே அப்போது காலை எட்டரை. அவன் தேடுவது ஆங்கில எழுத்தில். இந்தப் பெண் தன் கூகுள் பக்கத்தில் எழுதி வைத்திருப்பது தமிழில் மட்டும் என்றால் இருவரும் சந்திப்பது கடினம். இரண்டிலும் எழுதி, ‘வீட்டுக்கே கொண்டுவந்து தருவோம்’ என்று சேர்த்து, தான் செய்த கேக்கின் படங்களையே போட்டிருந்தால் ஓடர் வருகிறது. பின்னேரம் கேக் போய்ச் சேர்கிறது. அம்மா வெட்டும் படம் வட்ஸ்அப்பில் கடல் தாண்டுகிறது. “நான் அனுப்பினனான்” என்று சொல்ல இங்கே ஒருவரும் தேவைப்படவில்லை. அந்தப் பெண்ணின் ஊர், சாதி, உறவு எதையும் அந்த மகன் கேட்கவுமில்லை. பழைய வலையமைப்பு இதை ஒருநாளும் தந்திராது.

இழப்பு வேறு பக்கத்தில் இருக்கிறது. நட்சத்திரம் போடுபவர் யாரென்று தெரியாது. கடைப்படி மிதிக்காதவரும் ஒன்று போடலாம், கடைக்காரரின் மச்சானும் ஐந்து போடலாம். எவரும் எவருக்கும் பிணையில்லை. அதைவிட எனக்கு உறுத்துவது காசு போகும் வழி. அன்று விளம்பரத்துக்குச் செலவான ரூபாய் அச்சுக்கோப்பவர், சிலைட் எழுதும் ஓவியர், பத்திரிகை நிருபர் ஆகியோரின் கைகளில் ஊருக்குள்ளேயே சுற்றியது. கல்லூரி மலர் வெளிவந்ததும் விளையாட்டுப் போட்டி நடந்ததும் அதில்தான். இன்று அது கடனட்டை வழியாக வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போகிறது. 2022 இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை ஏறியபோது, டொலரில் கட்டியவர்களுக்கு அதே விளம்பரத்தின் செலவு இரண்டு மடங்கை நெருங்கியது. அதே ஆண்டு தாள் விலையால் பத்திரிகைகள் மெலிந்தன. விளம்பரமும் குறைந்த பத்திரிகைக்கு இரண்டு பக்கமும் அடி.

நேரில் கூடும் வழக்கம் முற்றாகப் போய்விடவில்லை. யாழ். முற்றவெளியில் 2010 முதல் நடக்கும் சர்வதேச வர்த்தகக் கண்காட்சியில் உள்ளூர்த் தொழில் முனைவோர் கொழும்பு நிறுவனங்களோடு ஒரே கூரையின் கீழ் நிற்கிறார்கள். யாழ் ஐரி ஹப் போன்ற அமைப்புகள் கணினி படித்த இளைஞரை ஒன்றுசேர்க்கின்றன. ஆனால் மென்பொருள் எழுதும் அந்தத் தம்பியும் சுன்னாகம் சந்தையடியில் இரும்புக் கடை வைத்திருக்கும் ஐயாவும் சந்திக்கும் இடம் இன்னும் போதாது. முன்னவருக்குத் தேடுபொறி தெரியும், பின்னவருக்கு வாடிக்கையாளரைத் தெரியும்.

கடை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே தம் கடையைக் கூகுளில் ஒருமுறை தேடிப் பாருங்கள். பெயர், இடம், திறக்கும் நேரம், தொலைபேசி எண் நான்கும் சரியா என்று பாருங்கள். திருத்துவதற்குக் கட்டணம் எதுவுமில்லை, தெரியாவிட்டால் வீட்டுப் பிள்ளையைக் கேளுங்கள். காசு கொடுத்து விளம்பரம் செய்வதை அதற்குப் பிறகு யோசிக்கலாம். அப்படிச் செய்யும்போது, அந்தத் தொகையில் ஒரு சிறு பங்கை அடுத்த ஆண்டு வரும் பள்ளிக்கூட மலருக்கும் ஊர்ப் பத்திரிகைக்கும் ஒதுக்கி வையுங்கள்.