பழி நீக்கலும் பழி தணித்தலும்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைவீதியில் தமிழ்க் குரல் கேளாத நாளில்லை. தமிழும் மலையாளமும் நெருங்கிய உறவுமொழிகள் ஆதலால், அங்கு வாழும் தமிழர் அன்றாட அலுவல்களை எளிதில் நடத்திக்கொள்கின்றனர். ஆனால், ஒருவர்மீது குற்றம் சாட்டப்பட்டு, அலுவலகமோ நீதிமன்றமோ விளக்கம் கேட்கும்போது அந்த நெருக்கமே அவரை இடறச் செய்யக்கூடும்.

குற்றச்சுமையைக் குறைக்கும் சொற்கள் மூவகைப்படும். முதலாவது, பழியையே நீக்குவது. ஆங்கிலத்தில் 'எக்ஸானரேட்' என்பர். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 18ஆம் பிரிவு, சட்டத்துக்கு உட்பட்ட செயலைத் தீய எண்ணமின்றி, உரிய கவனத்தோடு செய்கையில் நேரும் விபத்தைக் குற்றமாகக் கொள்வதில்லை.

இரண்டாவது, பழியைத் தணிப்பது, இது 'மிட்டிகேட்'. இங்கே குற்றம் உண்டு. சூழ்நிலை அதன் கடுமையைக் குறைக்கிறது. கடுமையான திடீர்ச் சினமூட்டலால் தன்னடக்கம் இழந்து ஓர் உயிரைப் போக்கியவருக்கு, அதே சட்டத்தின் 101ஆம் பிரிவு ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறது. தண்டனை குறையலாம், ஒழிந்துவிடாது.

மூன்றாவது, பொறுத்தருளல், இது 'பார்டன்'. குற்றவாளி எனத் தீர்ப்பான பின்னர், தண்டனையை மன்னிக்கவோ குறைக்கவோ அரசியலமைப்பின் 161ஆம் பிரிவு ஆளுநருக்கு அதிகாரம் அளிக்கிறது.

இனி மலையாளச் சொற்களைக் காண்போம். 'வெறுதே விட்டு' என்று நாளிதழில் படிக்கும் தமிழர், குற்றவாளியைச் சும்மா விட்டுவிட்டார்கள் என்று எண்ணக்கூடும். உண்மையில் அது, குற்றம் மெய்ப்பிக்கப்படாமையால் விடுதலை செய்ததைக் குறிக்கும். 'இளவு' என்பது தண்டனைக் குறைப்பு. நம் செவிக்கோ அது 'இழவு' போல் ஒலித்து அச்சமூட்டும். 'மாப்பு' என்பது மன்னிப்பு.

இந்த 'மாப்பு' என்னும் சொல்லில்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். கிடங்குக் காவலர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மழையில் மூட்டைகள் நனைந்தமைக்கு அவரிடம் விளக்கம் கேட்கின்றனர். கூரை ஒழுகுவதை அவர் முன்னரே எழுதித் தந்திருக்கிறார். ஆயினும், மரியாதை கருதி, 'மன்னிக்க வேண்டுகிறேன்' என்று தொடங்கிவிடுகிறார். அதை மலையாளத்தில் பெயர்ப்பவர் 'மாப்பு' என்றே எழுதுவார். பணிவாகச் சொன்னது குற்ற ஒப்புதலாகக் கொள்ளப்படலாம். வேலைக்கே ஊறு நேரலாம். 'நேர்ந்ததற்கு வருந்துகிறேன், அதற்குக் காரணம் இது' என்று அவர் எழுதியிருந்தால், பணிவும் நிற்கும், உண்மையும் நிற்கும்.

மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர் மனு அளிக்க அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு உரிமை தருகிறது. தமிழில் எழுதினாலும் பிறமொழியில் எழுதுவித்தாலும், கையொப்பமிடுமுன் ஒன்றைக் கேட்டறியுங்கள்: இச்சொல் என் பழியை நீக்குகிறதா, தணிக்கிறதா, ஏற்றுக்கொள்கிறதா?