பத்துக் கட்டங்களையும் நிரப்ப வேண்டுமா?

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர உதவும் 'காமன் ஆப்' என்ற பொது விண்ணப்பத்தில், பாடத்துக்கு வெளியே செய்தவற்றை எழுதப் பத்துக் கட்டங்கள் இருக்கின்றன. பத்து என்றதுமே பெற்றோருக்குப் பதற்றம் வந்துவிடுகிறது: பாட்டு, கராத்தே, சதுரங்கம், ரோபாட்டிக்ஸ், போதாததற்குக் கோடையில் ஒரு தொண்டு நிறுவனம். கட்ஆஃப் மதிப்பெண்ணைக் கூட்டியே பழகிய நமக்கு இதுவும் கூட்டல் கணக்காகத் தெரிவதில் வியப்பில்லை. ஆனால் படிவத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் கணக்கு வேறு. ஒவ்வொரு செயலையும் விவரிக்க 150 எழுத்துகளுக்குத்தான் இடம். கூடவே எந்தெந்த வகுப்பில் செய்தீர்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை வாரம் என்ற கேள்விகள். பத்துக்கும் ஐந்தைந்து மணி நேரம் போட்டால் வாரத்துக்கு ஐம்பது மணி. பள்ளிக்கூடமும் போகிற பிள்ளை இதைச் செய்தான் என்று யார் நம்புவார்கள்? எம்ஐடி தன் சொந்த விண்ணப்பத்தில் நான்கு செயல்களோடு நிறுத்திக்கொள்கிறது.

தேர்வாளர்கள் எதை எடைபோடுகிறார்கள் என்பது ஹார்வர்டு மீது 2014இல் தொடரப்பட்ட வழக்கில் வெளியே வந்தது. மாணவரின் ஈடுபாட்டுக்கு அங்கே 1 முதல் 6 வரை எண் போடுகிறார்கள். தேசிய அளவிலான சாதனைக்கு 1. மாணவர் தலைவர், பள்ளி இதழாசிரியர் போல ஓரிரு துறைகளில் அழுத்தமாகப் பங்களித்தவருக்கு 2. நன்றாகவே கலந்துகொண்டு, தனித்துத் தெரியாதவருக்கு 3. எட்டுச் சங்கங்களில் வெறும் உறுப்பினராக இருப்பவர் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் அந்த மூன்றுதான். எண்ணிக்கையைக் கூட்டி அதைத் தாண்ட முடியாது.

பதினான்கு வயதில் தனக்கு எது பிடிக்கும் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒன்பதாம் வகுப்பில் நாலைந்தைத் தொட்டுப் பார்க்கட்டும், ஒட்டாததை விட்டுவிடட்டும். அகலம் தேடுவதற்கு, ஆழம் கண்டடைந்த பிறகு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் இருபது இடம் தருகிறதே என்றால், விருது, வேலை, தொண்டு எல்லாம் அந்த இருபதுக்குள்தான் அடக்கம்.

இன்னும் கடினமான ஆட்சேபம் பணம் பற்றியது. ஆழத்தையும் விலைக்கு வாங்கலாம்: ஆலோசகருக்குக் கட்டணம் கட்டினால் பதினொன்றாம் வகுப்பில் ஓர் அறக்கட்டளையும் ஆய்வுக் கட்டுரையும் முளைத்துவிடும். இது உண்மைதான், எல்லாப் போலியும் பிடிபடுவதில்லை. ஆனாலும் ஆண்டுகளைக் கேட்கும் படிவத்தில் ஆறு மாத வேகம் பளிச்சென்று தெரியும்; ஆசிரியரின் கடிதம் வேறு கதை சொன்னால் அதுவும் தெரியும். வசதியில்லாத பிள்ளைக்கு வழியே இல்லை என்பதும் சரியல்ல. ஹார்வர்டின் அதே அளவுகோலில் 5 என்பது கடைநிலை மதிப்பெண் அல்ல. குடும்பப் பொறுப்பு, பள்ளி நாட்களில் பார்த்த வேலை ஆகியவற்றுக்கான தனி வகை.

இவ்வளவும் மதிப்பெண்ணுக்கு அடுத்த பேச்சு என்பதை மறக்கக் கூடாது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் போகிறவர் படிக்கப்போகும் பாடத்தோடு தொடர்பில்லாத கோப்பைகளை அடுக்கிப் பயனில்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் பொதுக் கலந்தாய்வில் இந்தப் பட்டியலுக்கே இடமில்லை. அமெரிக்காவுக்கு விண்ணப்பிப்பவர் மட்டும், மூன்று ஆண்டுகளாக மாலையில் அப்பாவின் கடையில் கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதை எழுதத் தயங்க வேண்டாம். காமன் ஆப்பில் குடும்பப் பொறுப்பு என்று அதற்கென்றே ஒரு வகை இருக்கிறது.