மண்ணெண்ணெய்க் கார் முதல் ரீமேப்பிங் வரை

விடிகாலையில் மருதனார்மடம் சந்தியில் நின்றால், யாழ்ப்பாணத்தில் ஓடும் வாகனங்களில் பெரும்பாலானவற்றை ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். சந்தைக்கு மரக்கறி மூட்டைகளோடு வரும் லாண்ட்மாஸ்ரர் என்ற இருசக்கர உழவு இயந்திரம், அதன் பின்னால் பட்டா லொறி, காங்கேசன்துறை வீதியில் ஆள் ஏற்றும் மினிபஸ், இரவோடிரவாகக் கொழும்பிலிருந்து திரும்பும் கே.டி.எச். வான், பிள்ளைகளை இராமநாதன் கல்லூரிக்கு ஏற்றி வரும் வாகன்ஆர் என்று வரிசையாக வரும். இந்த வாகனக்காரரிடையே இப்போது அடிக்கடி அடிபடும் பேச்சு ரீமேப்பிங். மடிக்கணினி ஒன்றைக் கொழுவி எஞ்சினுக்குள் இருக்கும் கணக்கை மாற்றினால் இழுவை கூடும், எண்ணெயும் மிச்சம் பிடிக்கலாம் என்கிறார்கள்.

இதில் உண்மை இருக்கிறது, விலையும் இருக்கிறது. எஞ்சினைக் கட்டியவர்கள் மோசமான எரிபொருள், கடும் வெயில், பராமரிப்பில்லாத வண்டி எல்லாவற்றையும் நினைத்து, அதன் பலத்தில் ஒரு பகுதியைத் தொடாமல் ஒதுக்கி வைத்திருப்பார்கள். அந்த ஒதுக்கிலிருந்து ஒரு பங்கை எடுத்துச் செலவழிப்பதே ரீமேப்பிங். எவ்வளவு எடுக்கலாம் என்பதை ஓடும் ஊரும் ஊற்றும் எரிபொருளும் எஞ்சினின் உடல்நிலையும் சேர்ந்துதான் தீர்மானிக்கும்.

பொறி எப்போது விழ வேண்டும்?

பெற்றோல் எஞ்சினுக்கு அடிப்படையில் இரண்டு கேள்விகள்தான். உள்ளே போகும் காற்றுக்கு எவ்வளவு எரிபொருள் சேர்ப்பது? பிளக்கில் பொறியை எந்தக் கணத்தில் விழுத்துவது?

முதல் கேள்விக்கு வேதியியல் பதில் சொல்கிறது. ஒரு கிலோ பெற்றோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். முழுப் பலம் வேண்டுமானால் எரிபொருளைச் சற்றுக் கூட்டி 12.5 அல்லது 13 என்ற அளவுக்குக் கொண்டு வருவார்கள்.

இரண்டாவது கேள்வி நுட்பமானது. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும்போது அதன் தண்டு ஒரு மிலிசெக்கனில் 18 பாகை திரும்பிவிடும். சிலிண்டருக்குள் தீ பரவி முடிய ஓரிரு மிலிசெக்கன் எடுக்கும். பிஸ்ரன் உச்சிக்கு வந்த பிறகு பொறியை விழுத்தினால் அது கீழே இறங்கும்போதுதான் எரிவு முடியும், பலம் வீணாகும். ஆகவே உச்சிக்கு முன்னரே, இருபது முப்பது பாகை இருக்கும்போதே பொறி விழ வேண்டும். அழுத்தம் உச்சத்தைத் தொடுவது பிஸ்ரன் திரும்பிப் பத்துப் பதினைந்து பாகை கீழிறங்கிய நேரத்தில் அமைந்தால், தள்ளுகையில் கூடிய பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேரும்.

பொறியை மிகவும் முந்தவைத்தால் நொக்கிங் வரும். தீ வந்து சேருமுன்னே, மூலையில் நெருக்குண்டு கிடக்கும் கலவை தானாக வெடிப்பதுதான் நொக்கிங். இரும்பில் தட்டுவது போன்ற அந்தச் சத்தத்தை வாகனம் ஓட்டும் எவரும் கேட்டிருப்பார்கள். தொடர்ந்து கேட்டால் பிஸ்ரன் உடையும், ஓட்டையும் விழும். இந்தத் தானான வெடிப்பை எரிபொருள் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைச் சொல்வதே ஒக்ரேன் எண். இலங்கையில் நாம் 92, 95 என்று கேட்டு அடிப்பது இந்த எண்ணைத்தான்.

குடாநாடு கண்ட பெரும் பரிசோதனை

எரிபொருள் மாறினால் எஞ்சினின் கணக்கும் மாற வேண்டும் என்பதை யாழ்ப்பாணம் பாடப் புத்தகத்தில் படித்து அறியவில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. பொருளாதாரத் தடை வந்தது, யாழ்தேவி ரயில் நின்றது, மின்சாரம் போனது. பெற்றோலும் டீசலும் தடைப்பட்ட பொருள்களாயின. மண்ணெண்ணெய்தான் ஓரளவாவது கிடைத்தது, அதுவும் பெரும் விலைக்கு. அந்த ஆண்டுகளில் ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் போன்ற ஹயர் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் கலியாண வீட்டுக்கு ஆள் ஏற்றியதும் இடப்பெயர்வில் சாமான் சுமந்ததும் இந்த வண்டிகள்தான்.

பெற்றோல் குளிரிலேயே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெய் ஆவியாக ஏறத்தாழ 150 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்குள் அது திரவமாகவே போய் விழும், பற்றாது. ஆகவே சின்னப் போத்தலில் பொன்னைப் போலப் பெற்றோலைக் காத்து வைத்து, காபரேட்டருக்குள் சில துளிகளை விட்டுத்தான் காரைக் கிளப்புவார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள்.

அடுத்த தடை ஒக்ரேன். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் பெற்றோலினதைவிட மிகவும் குறைவு. நெருக்கினால் உடனே நொக்கிங் வரும். அதற்கு மருந்து, டிஸ்ரிபியூட்டரைச் சற்றே திருப்பிப் பொறியைப் பிந்தவைப்பது. பலம் குறையும், ஆனால் பிஸ்ரன் தப்பும். மூன்றாவது சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. எரியாமல் எஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரால் வழிந்து கீழே எஞ்சின் ஒயிலோடு கலந்து அதைத் தண்ணீராக்கிவிடும். ஒயிலை அடிக்கடி மாற்றாவிட்டால் பெயாரிங் தேய்ந்து போகும்.

இத்தனையையும் பழைய கார்கள் தாங்கியதற்குக் காரணம் அவற்றின் பிறப்பிலேயே இருந்தது. 1947 இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ40 இன் 1200 சிசி எஞ்சின் தரும் பலம் சுமார் 40 குதிரைவலு. நெருக்கு விகிதம் 7.2க்கு 1. போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் கிடைத்த பெற்றோலின் ஒக்ரேன் எழுபதை ஒட்டியதுதான். அந்த எண்ணெய்க்காகவே கட்டப்பட்ட எஞ்சினில் விட்டுக்கொடுக்க நிறைய இடம் இருந்தது. அதே நாட்டில் பெர்குசன் உழவு இயந்திரத்தைப் பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாற்றும் மாதிரியைத் தொழிற்சாலையே 1949 இல் செய்து விற்றது. அங்கே பொறியியலாளர் வரைபட மேசையில் செய்ததை இங்கே மெக்கானிக்மார் காதாலும் கையாலும் செய்தார்கள். அவர்கள் செய்ததும் ரீமேப்பிங்தான். பலத்தை விட்டுக்கொடுத்துப் பாதுகாப்பை வாங்கினார்கள். இன்றைக்கு நாம் கேட்பதோ பாதுகாப்பை விட்டுக்கொடுத்துப் பலத்தை.

எண்களால் நிரம்பிய பெட்டி

டிஸ்ரிபியூட்டரும் காபரேட்டரும் செய்த வேலையை இப்போது ஈ.சி.யு. என்ற கணினிப் பெட்டி செய்கிறது. எரிபொருளையும் பொறியையும் ஒரே பெட்டியில் ஆண்ட பொஷ் நிறுவனத்தின் மோட்ரொனிக் 1979 இல் பி.எம்.டபிள்யு. 732ஐ காரில் வந்தது. டீசலில் அதே அளவு திருப்பத்தைக் கொண்டுவந்தது, உயர் அழுத்த எண்ணெயை ஒரே பொதுக் குழாயிலிருந்து இன்ஜெக்டர்களுக்குக் கொடுக்கும் கொமன் ரெயில். 1997 இல் அல்பா றோமியோ 156 அதைப் பயணிகள் காருக்குக் கொண்டு வந்தது.

பெட்டிக்குள் இருப்பவை வாய்ப்பாடு போன்ற அட்டவணைகள். ஒரு பக்கம் எஞ்சின் சுற்று, மற்றப் பக்கம் சுமை. 2000 சுற்று, பாதிச் சுமை என்றால் அந்த இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் உள்ள எண்ணைப் பெட்டி எடுக்கும். இரண்டு கட்டங்களுக்கு இடையே நின்றால் நடுவைக் கணித்துக்கொள்ளும். பொறிக்கு ஓர் அட்டவணை, எரிபொருளுக்கு ஒன்று, டேர்போ அழுத்தத்துக்கு ஒன்று, எஞ்சின் சூட்டுக்குத் திருத்தம் ஒன்று. இப்படி ஒரு நவீன டீசல் வண்டியில் நூற்றுக்கணக்கில் இருக்கும். இதற்கு மேல், நொக்கிங்கைக் கேட்கும் சென்சர் எஞ்சின் உடம்பிலும், புகையில் மிஞ்சிய ஒக்சிசனை அளக்கும் சென்சர் புகைக்குழாயிலும் இருந்து, கணக்குப் பிழைத்தால் அந்தக் கணமே திருத்திக்கொண்டிருக்கும்.

ரீமேப்பிங் செய்பவர் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள துளையில் கருவியைக் கொழுவி, பழைய கோப்பை அப்படியே இறக்கிச் சேமிப்பார். பிறகு தேவையான கட்டங்களில் எண்களை மாற்றி, கோப்பின் சரிபார்ப்புத் தொகையைத் திருத்தித் திரும்ப எழுதுவார். எழுதும் நேரத்தில் பற்றரி இறங்கிவிட்டால் பெட்டி பாதியில் நின்று வண்டி அசையாமல் போகும். அதனால் பொறுப்பான இடங்களில் மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் சாதனத்தைப் பற்றரியில் பூட்டாமல் வேலை தொடங்கமாட்டார்கள்.

எந்த வண்டிக்கு எவ்வளவு?

சந்தியில் பார்த்த வரிசையை இப்போது பிரித்துப் பார்க்கலாம். லாண்ட்மாஸ்ரருக்கு ஈ.சி.யு. இல்லை. பழைய பட்டாவிலும் டொல்பின் வானிலும் இருப்பது இயந்திர முறைப் பம்ப். அவற்றுக்கு ரீமேப்பிங் என்ற பேச்சே இல்லை, பம்பையும் இன்ஜெக்டரையும் சரிபார்ப்பதோடு சரி.

கே.டி.எச். வானும் கொமன் ரெயில் டேர்போ டீசல் பிக்கப்பும்தான் உண்மையான பயன் காணக்கூடியவை. டேர்போ கூடுதல் காற்றைத் தள்ளும், இன்ஜெக்டர் அதற்கேற்பக் கூடுதல் எண்ணெய் விடும். நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் இருபது, முப்பது சதவீதம் வரை இழுவை கூடுவது சாதாரணம். டேர்போ இல்லாத பெற்றோல் காரில் அப்படியல்ல. அது உறிஞ்சக்கூடிய காற்று அவ்வளவுதான். ஐந்து, மிஞ்சினால் பத்து சதவீதம் கிடைக்கும், அதை ஓட்டும்போது உணர்வது அரிது. ஜப்பானின் 660 சிசி டேர்போக் கார்கள் இன்னொரு வகை. அங்குள்ள உற்பத்தியாளர் தமக்குள் வைத்துக்கொண்ட 64 குதிரைவலு எல்லைக்குள் அவை நிறுத்தப்பட்டிருக்கின்றன. எஞ்சினுக்குள் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

எண்ணெய் மிச்சம் என்ற வாக்கையும் இதே தராசில் வைக்க வேண்டும். பெற்றோல் கார் நிதானமாக ஓடும்போது ஒக்சிசன் சென்சர் கலவையை ஏற்கெனவே 14.7 இல் பிடித்து வைத்திருக்கிறது. அதில் மிச்சம் பிடிக்க அதிகம் இல்லை. டீசலில் குறைந்த சுற்றில் இழுவை கூடினால் உயர்ந்த கியரில் ஓட்டலாம், அதனால் கொஞ்சம் மிஞ்சும். புதுப் பலத்தை அனுபவிக்க மிதித்தால் அந்த மிச்சமும் போய்விடும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றவர்களுக்கு ஒவ்வொரு லீற்றரின் அருமையும் தெரியும். ரயர்க் காற்றையும் எயார் பில்டரையும் சரியாக வைத்திருப்பது, பெற்றோல் காருக்கு ரீமேப்பிங்கைவிட நம்பத்தக்க சேமிப்பு.

எங்கள் வெயில், எங்கள் வீதி

வேறு நாட்டில் எழுதிய கோப்பை இணையத்தில் வாங்கி அப்படியே ஏற்றுவதுதான் இந்தத் தொழிலின் பெரிய ஆபத்து. 15 பாகைக் குளிரில் அளந்து எழுதிய அட்டவணை, சித்திரை வெயிலில் 35 பாகையில் ஓடும் வானுக்குப் பொருந்தாது. அந்த வித்தியாசத்தில் மட்டும் அதே கனஅளவுக் காற்றில் ஒக்சிசன் ஆறு சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். எண்ணெயை மட்டும் கூட்டினால் கரும்புகை கக்கும், புகைவாயின் வெப்பம் ஏறும், டேர்போவும் பிஸ்ரனும் அந்தச் சூட்டை வாங்கும். 95இல் ஓடக் கணித்த அட்டவணையோடு 92 அடித்தால் நொக்கிங் சென்சர் ஓயாமல் பொறியைப் பின்னிழுத்துக்கொண்டிருக்கும். காசு கொடுத்து வாங்கிய பலம் கைக்கு வராது. மண்ணெண்ணெய் கலந்த டீசல் கொமன் ரெயில் பம்புக்கு மசகு கொடுக்காது. அழுத்தத்தைக் கூட்டிய பம்ப் இன்னும் விரைவில் தேயும்.

பலம் எதற்கு என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். குடாநாட்டில் ஏற ஒரு மலை இல்லை. காருக்கு வேக எல்லை ஊருக்குள் மணிக்கு 50 கி.மீ., வெளியே 70. இங்கே தேவைப்படுவது சுமையோடு கிளம்பும்போது கீழ்ச் சுற்றில் கிடைக்கும் இழுவைதான். அதற்காக எழுதப்பட்ட அளவான அட்டவணை கிளச்சையும் கியர்ப் பெட்டியையும் நோகடிக்காது.

புகை இன்னொருவரின் மூச்சு சம்பந்தப்பட்டது. 2015 செப்ரெம்பரில் வொக்ஸ்வாகன் பிடிபட்டது இத்தகைய எண்களில் செய்த மோசடிக்குத்தான். பரிசோதனை நடக்கிறது என்று கண்டுபிடித்து அப்போது மட்டும் சுத்தமாக ஓடும் மென்பொருளை உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 இலட்சம் டீசல் வாகனங்களில் அந்த நிறுவனம் வைத்திருந்தது. ரீமேப்பிங்கோடு சேர்த்துப் புகை வடிகட்டியை நீக்கித் தருகிறோம் என்று யாரும் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வருடாவருடம் வரும் புகைப் பரிசோதனையில் தவறினால் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது என்பது ஒருபுறம். சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள் அந்தக் கரியைச் சுவாசிப்பார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

கொடுக்குமுன் கேட்க வேண்டியவை

முதலில் எஞ்சினின் நெருக்கழுத்தம், இன்ஜெக்டர், குளிரூட்டி, டேர்போக் குழாய்கள் எல்லாவற்றையும் பார்த்துப் பழுது நீக்குங்கள். இழுவை குறைந்த பல வண்டிகளுக்கு அந்த வேலையே போதும். ரீமேப்பிங் செய்பவரிடம் பழைய கோப்பின் பிரதியை வாங்கி வைத்திருங்கள். முன்னும் பின்னும் பலத்தை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றி அளந்து காட்டுவாரா, உங்கள் வண்டியின் பதிவுகளைப் பார்த்து எழுதுவாரா, ஆயத்தமாக வைத்திருக்கும் கோப்பை ஏற்றுவாரா என்று கேளுங்கள். எண்களைக் காட்டாதவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். உத்தரவாதக் காலம் மிச்சமிருந்தால் அது போகக்கூடும். காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவித்துவிடுங்கள்.

கிளிநொச்சியில் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும் இலங்கை-ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. அங்கே படித்து வெளிவரும் இளைஞர்களுக்குக் கணினி கைவரும். எஞ்சினின் சத்தத்திலிருந்து அதன் நோயைச் சொல்லும் மூத்த மெக்கானிக்மார் ஊரூராக இருக்கிறார்கள். இந்த இரண்டு அறிவும் ஒரே கராஜில் வேலை செய்தால், எங்கள் வெயிலுக்கும் எண்ணெய்க்கும் சுமைக்கும் பொருந்தும் அட்டவணைகளை நாங்களே எழுதலாம். தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊருக்கு அது முடியாத காரியமல்ல.