வெப்சைட் யார் பெயரில் இருக்கிறது?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் சேலைக் கடைக்கும் பலகாரக் கடைக்கும் ஆன்லைன் ஆர்டர் குவியும். சிறு கடைகளின் வெப்சைட் படுத்துவிடும் ஆபத்தும் அப்போதுதான் அதிகம். திரையில் 508 என்ற எண்ணோடு ஒரு பிழைச் செய்தி வரும். உங்களுக்கு ஒதுக்கிய சர்வர் திறன் தீர்ந்துவிட்டது என்று அதற்குப் பொருள். கடைக்காரர் வெப்சைட் செய்து கொடுத்தவருக்குப் போன் போடுகிறார், அவர் எடுப்பதில்லை. ஹோஸ்டிங் கம்பெனியை அழைத்தால், “இந்தக் கணக்கு உங்கள் பெயரில் இல்லையே” என்கிறார்கள்.

இங்கே இருப்பவை இரண்டு சிக்கல்கள். சர்வர் போதவில்லை என்பது பணம் கட்டினால் ஒரே நாளில் தீரும். கணக்கு கையில் இல்லை என்பது தீர மாதக்கணக்கில் ஆகலாம். ஹோஸ்டிங் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் விலையையும் வேகத்தையும் கேட்கிறார்கள். நாளை எதையும் இழக்காமல் இங்கிருந்து வேறிடம் போக முடியுமா என்பதையே முதலில் கேட்க வேண்டும். போக வழிவிடும் இடத்தில்தான் ஒரு சிறு தொழில் பயமில்லாமல் வளர முடியும்.

டொமைன் வேறு, ஹோஸ்டிங் வேறு

டொமைன் என்பது உங்கள் இணைய முகவரி. ஹோஸ்டிங் என்பது உங்கள் பக்கங்களும் படங்களும் ஆர்டர் விவரங்களும் தங்கியிருக்கும் சர்வர் இடம். இரண்டையும் ஒரே கம்பெனியிடம் வாங்கலாம், தனித்தனியாகவும் வாங்கலாம். ஹோஸ்டிங்கை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். டொமைன் போனால் விசிட்டிங் கார்டு, பெயர்ப்பலகை, மின்னஞ்சல், கூகுள் தேடலில் சேர்த்த இடம் எல்லாம் கூடவே போகும்.

டொமைன் உங்கள் பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ பதிவாகியிருக்க வேண்டும். பதிவில் இருக்கும் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையதாக இருக்க வேண்டும். அந்த மின்னஞ்சல் அதே டொமைனில் இயங்குவதாக இருக்கக் கூடாது. டொமைன் முடங்கினால் அதை மீட்பதற்கான கடிதமும் வந்து சேராது.

டாட் காம் போன்ற முகவரிகளை ஐகான் என்ற அமைப்பின் விதிகள் கட்டுப்படுத்துகின்றன. அந்த விதிகள் உங்களுக்குச் சில உரிமைகளைத் தருகின்றன. காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் டொமைன் விற்ற கம்பெனி நினைவூட்ட வேண்டும். வேறு கம்பெனிக்கு மாற்ற நீங்கள் ரகசியக் குறியீடு கேட்டால் 5 நாட்களுக்குள் தர வேண்டும். மறுத்தால் ஐகானிடமே முறையிடலாம். காலாவதியாகி நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் அதற்குக் கட்டணம் அதிகம். புதிதாகப் பதிவு செய்தாலோ, கம்பெனி மாற்றினாலோ, அடுத்த 60 நாட்களுக்கு மீண்டும் மாற்ற முடியாமல் போகலாம். ஆகவே இடமாற்றத்தைப் பண்டிகைக்கு முந்தைய வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். டாட் இன் முகவரிகளை நிர்வகிப்பது நிக்சி என்ற இந்திய அமைப்பு; அவற்றுக்கு அதன் விதிகளே பொருந்தும்.

பலருக்கும் தெரியாத இன்னொரு விஷயம் உண்டு. வெளியாளிடம் பணம் கொடுத்து வெப்சைட் செய்தாலும், 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி அந்த நிரலின் உரிமை பொதுவாக எழுதியவரிடமே இருக்கும். கையெழுத்திட்ட எழுத்து ஒப்பந்தம் இருந்தால்தான் உங்களுக்கு மாறும். வேலை தொடங்குமுன் ஒரு பக்கத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.

‘அன்லிமிடெட்’ என்றால்?

மலிவான திட்டங்களில் ஒரே சர்வரை நூற்றுக்கணக்கான வெப்சைட்டுகள் பகிர்ந்துகொள்வது வழக்கம். இதற்கு ஷேர்டு ஹோஸ்டிங் என்று பெயர். இடம் அன்லிமிடெட் என்று விளம்பரம் சொல்லும். ஆனால் எத்தனை கோப்புகள் வைக்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை பேரைச் சர்வர் கவனிக்கும், பிராசசரில் எவ்வளவு பங்கு, நினைவகம் எவ்வளவு என்பதற்கு வரம்புகள் இருக்கும். அவை விதிமுறைகளின் உள்ளே எழுதப்பட்டிருக்கும். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை இந்த எண்கள்தான்.

கடையின் முகவரி, விலைப்பட்டியல், சில படங்கள் என்ற அளவில் இருக்கும் தளத்துக்கு ஷேர்டு ஹோஸ்டிங் தாராளமாகப் போதும். ஆன்லைனில் பணம் வாங்கி ஆர்டர் எடுக்கத் தொடங்கியதும், தனிப் பங்கு ஒதுக்கித் தரும் வி.பி.எஸ். அல்லது தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கக்கூடிய கிளவுட் சர்வர் பொருந்தும். ஒரே கம்பெனிக்குள் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற எவ்வளவு நேரம் தளம் நிற்கும், யார் மாற்றித் தருவார்கள், பண்டிகை முடிந்ததும் கீழே இறங்க முடியுமா என்று வாங்கும்போதே கேளுங்கள். வேர்ட்பிரஸ் போன்ற பொது மென்பொருளில் செய்த தளத்தை எந்த ஹோஸ்டிங்குக்கும் கொண்டுபோகலாம். ஒரு கம்பெனியின் சொந்தக் கருவியில் மட்டுமே இயங்கும் தளத்தை அப்படியே எடுத்துச் செல்வது கடினம்.

‘99.9 சதவீத நேரம் இயங்கும்’ என்ற உறுதியையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 நாள் மாதத்தில் அது சுமார் 43 நிமிடம் நிற்கலாம் என்று பொருள். 99 சதவீதம் என்றால் 7 மணி நேரத்துக்கும் மேல். உறுதி தவறினால் கிடைப்பது பெரும்பாலும் அடுத்த பில்லில் சிறு கழிவுதான். இழந்த விற்பனைக்கு ஈடு கிடைக்காது.

முதல் வருட விலையும் இரண்டாம் வருட விலையும்

விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது அறிமுக விலை. புதுப்பிக்கும்போது அது பல மடங்காகலாம்; மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும். மூன்று வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு என்று கேட்டு, அதையே மற்றவர்களின் விலையோடு ஒப்பிடுங்கள். தளத்துக்கு வரும் தகவலைப் பூட்டிக் காக்கும் எஸ்.எஸ்.எல். சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பிடம் இலவசமாகவே கிடைக்கிறது. சாதாரணத் தளத்துக்கு அதற்கெனத் தனிக் கட்டணம் தேவையில்லை.

கேட்காத சேவையைக் கூடையில் சேர்ப்பது, ‘இன்னும் 10 நிமிடம்தான் இந்த விலை’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கடைசிப் பக்கத்தில் கட்டணத்தைக் கூட்டுவது, சந்தாவை ரத்து செய்ய விடாமல் அலைக்கழிப்பது ஆகியவற்றை 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் தடை செய்கின்றன. தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டுக்கு, எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தத் தகவலிலிருந்தே நீங்கள் விலகிக்கொள்ளலாம்.

நகல் உங்கள் கையில் இருக்கட்டும்

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீப்பிடித்து முற்றிலும் எரிந்தது. லட்சக்கணக்கான தளங்கள் முடங்கின. பேக்கப் சேவைக்குப் பணம் கட்டியிருந்த வாடிக்கையாளர்கள் சிலரின் நகலும் அதே வளாகத்தில் இருந்து அழிந்தது. வழக்குப் போட்ட ஒரு நிறுவனத்துக்கு இழப்பீடு தரும்படி 2023இல் பிரெஞ்சு வணிக நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 ஆகஸ்டில் டென்மார்க்கின் கிளவுட்நார்டிக் கம்பெனியை, தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியபோது நகல்களும் சேர்ந்தே பூட்டப்பட்டன. பெரும்பாலான வாடிக்கையாளர்களின் தரவு மீளவே இல்லை.

ஹோஸ்டிங் கம்பெனி எடுக்கும் பேக்கப் நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. வாரம் ஒரு முறையாவது கோப்புகளையும் டேட்டாபேசையும் இறக்கி, வேறொரு இடத்தில் வையுங்கள். ஆர்டர் எடுக்கும் தளமென்றால் தினமும் தேவை. அந்த நகலிலிருந்து தளத்தை மீண்டும் எழுப்ப முடிகிறதா என்று ஒரு முறை சோதித்தும் பாருங்கள்.

வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, கைபேசி எண்ணைப் பாதுகாக்கும் பொறுப்பும் உங்களுடையதே. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கடைக்காரரையே முதல் பொறுப்பாளராக வைக்கிறது. சர்வர் வேறொருவருடையது என்று தள்ளிவிட முடியாது. அந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

சிக்கல் வந்தால்

முதலில் எல்லாவற்றையும் எழுத்தில் கொண்டு வாருங்கள். புகாரை மின்னஞ்சலில் அனுப்பி, புகார் எண்ணையும் பில்லையும் ஸ்கிரீன்ஷாட்டையும் தேதியோடு சேமியுங்கள். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள்.

நுகர்வோர் ஆணையம் போகுமுன் ஒரு சட்டச் சிக்கலை அறிந்திருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுகிறவரைப் பொதுவாக நுகர்வோர் என்று கருதுவதில்லை. உங்கள் வழக்கு அதற்குள் வருமா என்று வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு மனு போடுங்கள். பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். அங்கே இடமில்லை என்றால் உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. தொகை 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத வணிகத் தகராறுகளுக்கு வணிக நீதிமன்றம். அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்குகளில், வழக்குப் போடுமுன் சமரசப் பேச்சு கட்டாயம்.

டொமைனைத் தன் பெயரில் பதிந்துகொண்டவர் தர மறுத்தால், பணம் கட்டிய ஆதாரத்தோடு வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பலாம். கடைப் பெயருக்கு டிரேட்மார்க் இருந்தால் நடுவர் முறையிலும் மீட்க முயலலாம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் டிரேட்மார்க் விண்ணப்பக் கட்டணம் ஒரு வகைக்கு 4,500 ரூபாய். பணமோசடி என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள்.

இந்த வாரமே டொமைன் கணக்கில் நீங்களே நுழைந்து, யார் பெயர், எந்த மின்னஞ்சல், என்று காலாவதி என்று பாருங்கள். இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போடுங்கள். புதிதாக ஹோஸ்டிங் வாங்குகிறவர்கள் புதுப்பிப்பு விலை, திறன் வரம்பு, அடுத்த படிக்கு ஏறும் முறை, நகல் எங்கே இருக்கும், விலகும்போது தரவு எப்படிக் கைக்கு வரும் ஆகிய ஐந்தையும் மின்னஞ்சலில் கேளுங்கள். எழுத்தில் பதில் தரத் தயங்கும் கம்பெனிக்குப் பணம் கட்டாதீர்கள்.