முதலில் கோப்பு, பிறகு பழுது

வீட்டுக் கணினி அடிக்கடி நின்றுபோவதும், நீலத்திரை காட்டித் தானாகவே மறுபடி தொடங்குவதும் எப்போதும் ஒரே பழுதின் அறிகுறிகள் அல்ல. விசிறியில் தூசி அடைத்துச் செயலி சூடேறுவது, இயங்கும்போது மட்டும் தரவைத் தாங்கும் ராம் நினைவகம் கெடுவது, மின்சாரத்தைச் சீராக்கித் தரும் எஸ்எம்பிஎஸ் தளர்வது, புதிதாக நிறுவிய டிரைவர் மென்பொருளில் பிழையிருப்பது என எதுவும் காரணமாகலாம். 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள், பெரும்பாலும் அலுவலகங்களைச் சேர்ந்தவை, நீலத்திரையோடு முடங்கியதற்கு கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பே காரணம். இத்தகைய முடக்கங்களில் கோப்புகள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும்.

ஹார்டு டிஸ்க் பழுதானால் நிலைமை வேறு. நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் வட்டுகளின்மேல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி தரவைப் படிக்கும் முனை வட்டில் உரசத் தொடங்கினால், கணினி இயங்கும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பைக் கூட்டக்கூடும். ஸ்மார்ட் எனப்படும் தற்கண்காணிப்புப் பதிவில், கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட செக்டர்களின், அதாவது தரவு எழுதப்படும் சிறு பகுதிகளின், எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவது தெளிவான எச்சரிக்கை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதைக் காணலாம்.

இந்நிலையில் பலரும் முதலில் நாடுவது டிஸ்க் பிழைகளைத் திருத்தும் விண்டோஸின் செக்டிஸ்க் கட்டளையை அல்லது விண்டோஸ் மறுநிறுவலை. இரண்டுமே டிஸ்கில் எழுதக்கூடியவை என்பதால், மீட்கவேண்டிய தரவையே அவை அழித்துவிடக்கூடும். பழுதைச் சரிசெய்வதற்கு முன் கோப்புகளை வெளியே எடுப்பதே முறை. வேறொரு கணினியில் உபுண்டு போன்ற லினக்ஸை பென் டிரைவில் ஏற்றி, பழுதான கணினியை அதிலிருந்து தொடங்கினால், விண்டோஸை எழுப்பாமலேயே குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் வெளிப்புற டிஸ்குக்கு நகலெடுக்கலாம். விண்டோஸ் முழுமையாக அணைக்கப்படாதிருந்தால் லினக்ஸ் அந்த டிஸ்கைப் படிக்க மட்டுமே அனுமதிப்பதுண்டு. மீட்புக்கு அதுவே போதும், பாதுகாப்பும்கூட.

நகலெடுப்பு நடுவில் தடைபட்டால் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் உதவும். அது நலமான பகுதிகளை முதலில் படித்து, அடம்பிடிக்கும் பகுதிகளைக் குறித்துவைத்துக்கொண்டு, பிறகு அவற்றுக்குத் திரும்புகிறது. டிஸ்க் முழுவதும் படிமமாக, அதாவது அப்படியே எடுத்த நகலாக, வேறிடத்தில் சேர்ந்தபின், கோப்புகளைத் தேடும் வேலை அந்தப் படிமத்தில் நடக்கும். டிஸ்கிலிருந்து சீரான இடைவெளியில் ‘டிக் டிக்’ என்ற ஒலி எழுந்தால் இதையும் தவிர்த்து, மின்சாரத்தை நிறுத்தி, தூசியற்ற அறை கொண்ட மீட்பு நிலையத்தை நாடுவதே தகும். டிஸ்கைக் குளிர்பெட்டியில் வைக்கும் பழைய உத்தி உள்ளே ஈரம் படியவைக்கும் ஆபத்துடையது.

தவறுதலாக அழித்த கோப்பு, நூலக அட்டவணையில் பெயர் நீங்கிய புத்தகத்தைப் போல, ஹார்டு டிஸ்கில் சிறிது காலம் எஞ்சியிருப்பதால் ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளால் அதைத் தேடியெடுக்க முடியும். சுழலும் வட்டில்லாத எஸ்எஸ்டி சேமிப்பகத்திலோ, அழித்த இடங்களைக் காலிசெய்யும் டிரிம் என்ற ஏற்பாடு அந்த வாய்ப்பைப் பெரும்பாலும் விட்டுவைப்பதில்லை. விண்டோஸின் குறியாக்க ஏற்பாடான பிட்லாக்கர் பூட்டிட்ட டிஸ்கைப் பிற கணினியில் திறக்க 48 இலக்க மீட்பு எண் பொதுவாகத் தேவை. பல வீட்டுக் கணினிகளில் அப்பூட்டு தானாகவே இயங்கியிருப்பதும், எண் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருப்பதும் பலர் அறியாதவை.